அந்தரத்தில் தொங்கிய மிதவை

புசல்லாவைக் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறினால் முதலில் வருவது தேயிலை ஸ்டோர், தேயிலை தயாரிக்கிற தொழிற்சாலை. ஸ்டோருக்குப் பின்னால் மலை. மலையின் மேல் வளைவில் ஒரு கருங்கல் தொட்டி. ஓடைத் தண்ணீர் அதில் வந்து தேங்கும். அங்கிருந்து கித்துல் மரப் பருமனில் ஓர் இரும்புக் குழாய் தேயிலைக்கு நடுவே இறங்கி ஸ்டோருக்குள் நுழையும். குழாயில் விழுகிற தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் தோல் பட்டி ஓடும். பட்டி ஓடினால் கொழுந்து உருட்டுகிற ரோலர்கள் எல்லாம் ஓடும்.

ஆக, மேலே தொட்டியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் ஓட்டினால் தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழே இறங்கிவிடும். குழாய் காற்றைக் குடிக்கும். சக்கரம் திக்கித் திணறும், பட்டி கழன்று யார் மேலாவது விழும். மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தை பிறந்து ஓடை மெலிந்துவிட்டால் போதும், ராத்திரி ஊறி நிறைகிற தண்ணீரைப் பகலெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

மேலே இருக்கிற தண்ணீரைக் கீழே தெரிவிக்கிற வேலை வீரய்யாவுடையது.

வீரய்யா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினான், தண்ணீர் வடியக் கான் வெட்டினான். ஒரு நாள் பாறை உருண்டு தோளில் விழுந்ததிலிருந்து கத்தியை ஓங்க முடியாமல் போனான். தோள்தான் போயிற்றே தவிர வாய் போகவில்லை. கங்காணியிடமும் வாய், கணக்கப்பிள்ளையிடமும் வாய். இவனைக் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டில் நிறுத்திவைத்து மல்லுக்கட்டுவதைவிட மலை மேல் தனியாக உட்காரவைத்தால் நமக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். தொட்டிக் காவல் அப்படித்தான் அவனுக்கு வந்தது.

தொட்டியோரம் ஒரு கம்பம். தண்ணீர் நிறைய இருந்தால் அதில் வெள்ளைத் துணியை ஏற்றுவான். பாதிக்கு இறங்கினால் சிவப்பு. இரண்டும் சேர்ந்து பறந்தால் சக்கரத்தை நிறுத்து என்று அர்த்தம். ஸ்டோர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். பனிமூட்டம் வந்தால் தெரியாது. அப்போது தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டை அடிப்பான். ஸ்டோருக்குள் ரோலர் போடுகிற சத்தத்தில் அது யார் காதில் விழும்?

தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு குடிசை உண்டு. அதில் வீரய்யாவும் அவன் மனைவி பாப்பம்மாவும் இருந்தார்கள். பாப்பம்மாவுக்கு இழுப்பு. கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில் பக்கத்து அறைகளின், காம்பராக்களின் அடுப்புப் புகை சுவருக்கு மேலால் வந்து இவர்கள் காம்பராவில் நிற்கும். போக வழியில்லாத புகை. அவளுக்கு மூச்சு நெஞ்சுக்குள் விசிலடிக்கும். படுத்தால் அடைக்கும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஒரு பேச்சை ஒரே மூச்சில் அவளால் சொல்லி முடிக்க முடியாது. நடுவில் நின்று, காற்றை இழுத்து, மறுபடி தொடங்குவாள். குண்டசாலையில் ஒரு வைத்தியரிடம் போய்க் கசாயம் வாங்கிக் குடித்துப் பார்த்தாள், கண்டி ஆஸ்பத்திரித் தண்ணி மருந்தும் குடித்துப் பார்த்தாள். எதற்கும் அசையாத அந்த இழுப்பு, மலை மேல் குடிசைக்கு வந்த ஒரு வருசத்துக்குள் தணிந்துவிட்டது. காற்று அப்படி. அவள் பாயில் நீட்டிப் படுத்துத் தூங்குவதை முதன்முதலாகப் பார்த்த அன்று வீரய்யா பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான்.

அதனால் தொட்டிக் காவல் என்பது அவனுக்கு வெறும் வேலை இல்லை. அந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்தக் குடிசை. அந்தக் குடிசை இருக்கிற வரைக்கும்தான் அவளுக்கு மூச்சு.

அந்த வருசம் ஐப்பசியில், பனிமூட்டம் பிடித்த ஒரு நாள், தண்டவாளத் துண்டை அடித்து அடித்துக் கை ஓய்ந்தும் கீழே கேட்காமல் பட்டி கழன்றது. நல்லவேளை, ஒருவருக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. பாப்பம்மாவின் தம்பி சின்னமுத்து ரோலரில்தான் வேலை செய்தான். பட்டி அவனுடைய காதோரம் போனதாம். அதற்குப் பிறகு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பொறுக்கவில்லை. கண்டியில் ஒரு பட்டறைக்குச் சொல்லிவிட்டார். பட்டறையிலிருந்து ஹாஷிம் வந்தார்.

ஹாஷிம் கட்டுகஸ்தோட்டைக்காரர். தலையில் தொப்பி, வாயில் வெற்றிலை, தோளில் சாமான் பை. பூசணிக்காய் அளவில் உள்ளே வெற்றிடமான செப்பு உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் மிதக்கவிட்டார். உருண்டையில் ஒரு கம்பி. கம்பியைக் கப்பிகள் மேல் ஓட்டி, தேயிலைக்கு மேலால் கம்பம் கம்பமாக நட்டு, ஸ்டோர் சுவர் வரைக்கும் இறக்கினார். அங்கே கம்பியின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு, குண்டில் ஒரு முள், முள்ளுக்குப் பின்னால் கோடு போட்ட ஒரு பலகை. தொட்டியில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மிதவையும் கூடவே ஏறி இறங்கும்; கம்பி நகரும்; முள் காட்டும். அவ்வளவுதான். பனியாவது மூட்டமாவது.

வீரய்யா தூரத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

“அண்ணே, இங்கால வந்து பாருங்க. இது எப்பிடி வேல செய்யுதுன்னு சொல்லித் தாறேன்” என்றார் ஹாஷிம்.

“நான் பாத்து என்ன ஆகப் போகுது, ஹாஷிம் நானா? பாக்க வேண்டியது ஒங்க பலகதானே!”

ஹாஷிம் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நான் பொய் சொல்லமாட்டேன் அண்ணே. இந்தச் சாமான் ஒழுங்கா ஓடினா மேல ஆள் தேவல்ல. அது ஒங்களுக்கும் தெரீது, எனக்கும் தெரீது. என்னய ஏசி வேலயில்ல. நான் கூலிக்கி மாரடிக்கிற மனுசன்.”

“நீங்களாச்சும் நேரா சொன்னீங்களே” என்றான் வீரய்யா. திரும்பிக் குடிசைக்குள் போய்விட்டான்.

ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கையில் குடை, பேச்சில் கண்டிப்பு. அவரும் ஒளிக்காமல் சொன்னார். “இப்ப மழை. இந்த மழைக்கை பலகை சரி பிழை பாக்க ஏலாது. வாற வரட்சி முழுக்கப் பாப்பம். பங்குனி முடியுமட்டும் பலகை ஒழுங்காச் சொன்னால் நீ லயத்துக்கு இறங்கவேண்டி வரும், வீரய்யா. துரையின்ரை சொல் அது. அதுவரைக்கும் தொட்டியைப் பாத்துக்கொண்டு இரு. துணி ஏத்தத் தேவையில்லை.”

துணி ஏற்றத் தேவையில்லை. அந்த ஒரு சொல் அவனுக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அவன் அந்தக் கம்பியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பெயர் சொல்வதும் இல்லை; ‘அது’ என்பான். பாப்பம்மா ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இந்தா, அந்தக் கம்பி இருக்குல்ல, அது...”

“வீட்டுக்குள்ள அதப் பத்திப் பேச்சு வரக்கூடாது. சொல்லிட்டேன்.”

அவளுக்கு வேறு கவலை. லயத்தில் காலியாகக் கிடந்த காம்பராவை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரெல்லாம் கரி. வந்து வாசலில் உட்கார்ந்து காற்றை இழுத்து இழுத்து விட்டாள், சேர்த்துவைத்துக்கொள்கிறவள்போல.

மாசி வந்தது. வெயில் ஏறியது. ஓடை நூலாகிவிட்டது. ராத்திரி ஊறித் தொட்டி விடிகிறபோது நிறைந்திருக்கும். ஸ்டோர் ஓட ஓட இறங்கி, மாலையில் அடிச்சேறு வாசம் வரும். பலகை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. சின்னமுத்து அக்காளைப் பார்க்க வரும்போதெல்லாம் அதைப் புகழ்ந்து தள்ளுவான். வீரய்யா எழுந்து வெளியே போய்விடுவான்.

மாசியில்தான் மன்மதனை எரிக்கிற காமன் கூத்து. அந்தத் தோட்டத்தில் காமன் ஊன்றுகிற இடம் தொட்டிக்குக் கீழே, லயத்துக்கு மேலே, மலையில் ஒட்டிக்கிடக்கிற ஒரே சமதரை. காமன் பொட்டல் என்று அதற்குப் பெயர். மூன்றாம் பிறை கண்டு, ஆமணக்கும் கரும்பும் வைக்கோல் பிரியும் கட்டிய கம்பத்தை ஊன்றிவிட்டால், பௌர்ணமியோடு அதை எரிக்கிற வரைக்கும் பொட்டலில் கட்டிய எதையும் அவிழ்க்கக் கூடாது. தோரணக் கயிற்றில் ஒரு முடிச்சைக்கூடத் தொடக் கூடாது. தாத்தன் காலத்திலிருந்து அந்தத் தோட்டத்து வழக்கம் அது. ஹாஷிமுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மரமில்லாத வெட்டவெளியாக இருக்கிறதே என்று கம்பியைப் பொட்டலுக்கு நேர் மேலாகக் கொண்டுபோயிருந்தார்.

காமன் ஊன்றிய மறுநாள் விடியற்காலையில் கூத்து வாத்தியார் இராமையா மலையேறி வந்தார். அவருக்கு ஒரு யோசனை.

“வீரய்யா, பொட்டலுக்கு மேல கம்பி ஒண்ணு போகுதே. தோரணம் கட்ட எங்களுக்கு வருசா வருசம் மூங்கில் தேடி அலையிறதுதான் வேல. இந்த வருசம் வெள்ளக்காரனே கொடி கட்டிக் குடுத்திருக்கான்னு பயலுக சொல்றானுக. கட்டலாமா? ஒன்னக் கேக்காம செய்யக் கூடாதுன்னு வந்தேன்.”

தன்னைக் கேட்க ஓர் ஆள் மலையேறி வந்ததில் வீரய்யாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஐப்பசிக்குப் பிறகு அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

“கம்பிக்கு ஒண்ணும் ஆயிராதே?” என்றார் இராமையா.

“என்ன ஆகும்? கண்டி ரோட்டுல தந்திக் கம்பி போகுதுல்ல? அதுல நாள் பூரா காக்கா குருவி உக்காந்துதான் இருக்கு. குருவி உக்காந்தா தந்தி போகாமலா இருக்கு? சேதி அது பாட்டுக்கு உள்ளால போகும். நீங்க கட்டுங்க வாத்தியாரே. நல்லா இறுக்கிக் கட்டுங்க.”

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிசமாகவே அப்படித்தான் நினைத்தான். மேலே ஏதோ இருக்கிறது, கீழே ஏதோ இருக்கிறது, நடுவில் கம்பி. அப்படியென்றால் அது தந்திதானே? கம்பி நகருகிறது என்பது உற்றுப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அவன்தான் திரும்பியே பார்ப்பதில்லையே!

இளவட்டங்கள் மாவிலையும் தென்னங்குருத்தும் கோத்த தோரணக் கயிற்றைக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, இரண்டு பக்கமும் இழுத்து, ஒரு நுனியை ஒரு பாறையிலும் மறு நுனியை எதிர்ப்பக்கப் பாறையிலும் இறுக்கிக் கட்டினார்கள். நல்ல கட்டு. யானை இழுத்தாலும் அசையாது. அப்போது தொட்டி நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் பூசணிக்கொடிக்குத் தண்ணீர் மொள்ளப் போன வீரய்யா தொட்டிக்கரையில் அப்படியே நின்றுவிட்டான்.

தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. செப்பு உருண்டை தண்ணீரில் இல்லை. காலையில் எங்கே இருந்ததோ அங்கேயே, தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் மேலே, வெயிலில் பளபளவென்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்கு மெல்லத் திரும்பித் திரும்பி ஆடியது.

முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“பாப்பம்மா! ஏ பாப்பம்மா! ஓடியா புள்ள! தண்ணி இங்க கெடக்கு, தொரையோட பந்து எங்க தொங்குதுன்னு பாரு!”

அவள் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. “தோரணத்துல மாட்டிக்கிருச்சு. கம்பி நகர முடியல.”

“கம்பி நகருமா?”

“காலையில இருந்து பொழுது சாய மட்டும் நகர்ந்துக்கிட்டேதான் இருக்கும். அதுல ஒரு குருவிப் பீ ஒட்டியிருந்துச்சு. காலையில நம்ம கம்பத்துக்கு அந்தண்ட இருக்கும், சாயந்தரம் இந்தண்ட வந்திரும். எனக்கு அப்பவே தெரியும்.”

“ஏன்டி சொல்லல?”

“நீங்கதானே அதப் பத்திப் பேச்செடுக்கக் கூடாதுன்னீங்க.”

வீரய்யாவுக்கு அது உறைத்தது. ஆனால் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. பலகை பொய் சொல்கிறது! பங்குனி வரைக்கும் போவானேன், இன்றைக்கே அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். கீழே முள் இன்னும் ‘நிறைவு’ என்று காட்டிக்கொண்டிருக்கும். டீமேக்கர் ஐயா குடையை ஊன்றிக்கொண்டு சந்தோசமாக ஓட்டிக்கொண்டிருப்பார். ஓட்டட்டும். சக்கரம் காற்றைக் குடித்துத் திணறட்டும். அப்போது மலையைப் பார்ப்பார்கள். துணி எங்கேயடா என்பார்கள். லயமாவது, காம்பராவாவது!

“கீழ சொல்லலையா?” என்றாள் பாப்பம்மா.

“எதுக்குச் சொல்லணும்? பலகை சொல்லும்னுதானே என்னய வேணாம்னாங்க. சொல்லட்டும்.”

“பட்டி கழண்டா?”

அவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“முத்து அங்கதான் நிக்கிறான். போன தடவ காதோரம் போச்சு.” அவள் குரல் உயரவில்லை. “எனக்காகன்னு ஒண்ணும் செய்ய வேணாம். புகையில கெடந்தாலும் கெடக்கேன். எந்தம்பிய அடிச்சு வாங்குன மூச்சு எனக்கு வேணாம்.”

அப்போது தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. குழாய் வாயில் தண்ணீர் சுழிபோட்டு, கொர்ரென்று தொண்டையைக் கனைத்தது. இறங்கி ஓடிச் சொல்ல நேரமில்லை. துணி ஏற்றினாலும் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? வீரய்யா குழாய்க் கதவின் சக்கரப் பிடியைப் பிடித்தான். கெட்ட தோள் சுரீரென்றது. பாப்பம்மா மறுபக்கம் பிடித்தாள். சட்டென்று மூடினால் குழாய் வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுற்றினார்கள். கனைப்பு நின்றது. கீழே ஸ்டோரின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. மலை முழுக்கத் திடீரென்று அமைதி. எங்கோ கொழுந்தெடுக்கிற பெண்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் குடை மலையேறி வந்தது. குடைக்குக் கீழே டீமேக்கர் ஐயா, வேர்த்து விறுவிறுத்து. பின்னால் சின்னமுத்து.

“உனக்கென்ன விசரே, வீரய்யா? பலகையிலை தண்ணி நிறையக் கிடக்கு. நான் இப்பதான் இன்னொரு ரோலரையும் போட்டனான். நீ ஏன் கதவை அடைச்சனி? போட்ட கொழுந்து முழுக்க ரோலருக்கை கிடக்கு. உன்ரை கோவத்தைக் காட்ட வேறை இடம் கிடைக்கேல்லையே?”

வீரய்யா தொட்டியைக் காட்டினான்.

டீமேக்கர் எட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அந்தரத்தில் ஆடுகிற உருண்டையைப் பார்த்தார். குடையைச் சுருக்கினார். மறுபடி பார்த்தார்.

“இது... என்னெண்டு?”

“பறக்கப் பழகுது போலருக்குங்க” என்றான் சின்னமுத்து. அக்காள் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

டீமேக்கர் கம்பியைப் பார்த்தபடியே சரிவில் இறங்கினார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பொட்டலுக்கு வந்ததும் விசயம் தெரிந்துபோயிற்று. மாவிலைத் தோரணம் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது. நிழலில் படுத்திருந்த இராமையா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“கத்தியை எடு. இதை அறுத்துவிடு” என்றார் டீமேக்கர் சின்னமுத்துவிடம்.

சின்னமுத்து அசையவில்லை. இராமையா கைகூப்பினார். “ஐயா, காமன எரிக்கிற வரைக்கும் ஒரு முடிச்சும் அவுக்கக் கூடாதுங்க. அவுத்தா தோட்டத்துக்கே ஆகாது. எங்க கையால மாட்டோம். நீங்க வேணா அறுங்க.”

டீமேக்கர் காமன் கம்பத்தைப் பார்த்தார். மஞ்சள் துணி, குங்குமம், கரும்பு. அவர் நாளுக்கு இரண்டு தரம் திருநீறு பூசுகிற மனிதர். அவருடைய கை கத்தியைக் கேட்டு நீளவில்லை.

“சரி, அது கிடக்கட்டும். துரைக்கு நான் மறுமொழி சொல்லோணும். ஸ்டோர்ச் சாமானிலை கட்டச் சொன்னது ஆர்?”

இராமையா தரையைப் பார்த்தார். வீரய்யாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. தான் ஏற்றுக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. ஸ்டோர்ச் சாமானில் கை வைத்தவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வீரய்யா பாப்பம்மாவைப் பார்த்தான். மலை இறங்கி வந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இராமையா தரையையே பார்த்துக்கொண்டிருந்தால், பழி தானாக அவர் மேல் இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் வீரய்யாவுக்கு மிக நீளமாக இருந்தது.

“நான்தாங்க” என்றான். “வாத்தியார் என்னக் கேட்டுத்தான் கட்டுனாரு. நான்தான் கட்டச் சொன்னேன். இறுக்கிக் கட்டச் சொன்னதும் நான்தான்.”

“வேணுமெண்டே செய்தனியோ?”

“சத்தியமா இல்லீங்க. தந்திக் கம்பி மாதிரின்னு நெனச்சேன். குருவி உக்காந்தா தந்தி போகாமலா இருக்குன்னு...”

டீமேக்கர் அவனை உற்றுப் பார்த்தார். வாயோரம் துடித்தது. முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி கண்டிப்பாகத்தான் இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர்.

“பௌர்ணமி வரைக்கும் பழையபடி துணியை ஏத்து. கட்டுகஸ்தோட்டையானை வரச்சொல்லி ஆள் அனுப்பிறன். அவன் வரட்டும், மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

போகிறபோது நின்று, “கதவை அடைச்சது நல்லது” என்றார்.

துணி ஏறியது. மாசி வானம் துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. ஸ்டோர் வாசலிலிருந்து பார்த்தால் வெள்ளையும் சிவப்பும் நன்றாகத் தெரிந்தன. ஆனால் வீரய்யாவுக்குத் தூக்கமில்லை. ஹாஷிம் வந்து என்ன சொல்வார்? கம்பத்தை இன்னும் உயர்த்தினால் தீர்ந்தது என்பார். அல்லது, வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் இந்த மனுசன் என்பார். பாப்பம்மா மட்டும் எதுவும் நடக்காததுபோலப் பூசணிப் பிஞ்சுக்கு வைக்கோல் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹாஷிம் வந்தார். கம்பியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் நடந்தார். பொட்டலில் நின்று தோரணத்தைப் பார்த்துவிட்டு டீமேக்கரிடம், “கம்பத்த ஒசத்தலாம் ஐயா. பிரச்சன இல்ல. ஆனா இவங்க வார வருசம் காமன இன்னும் ஒசத்தி நடுவாங்க” என்றார். “அது மட்டுமில்ல. மேல மூணாவது கம்பத்துல கொடி ஏறியீக்கிது. கீழ ஒரு கப்பி எண்ண இல்லாம கிறீச்சிடுது. இன்னம் கொஞ்ச நாள் போனா காமன் இல்லாமலே அது நிண்டுரும். தப்பு என்டயும்தான். நான் பூட்டிப்போட்டுப் போனேன். இதப் பாக்க ஓராள் வேணும்னு சொல்லாமப் போனேன்.”

“அப்ப பலகையை நம்ப ஏலாதோ?”

“நம்பலாம். கம்பியோட தெனம் ஒருக்கா நடக்கிற ஆள் இருந்தா நம்பலாம். எண்ண போடோணும், கொடி வெட்டோணும், மெதவ தண்ணியிலதான் ஈக்குதான்னு பாக்கோணும்.” ஹாஷிம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வீரய்யாவைப் பார்த்தார். “தந்தி ஆபீசு அண்ணன் செய்வாரா?”

எல்லாரும் சிரித்தார்கள். வீரய்யாவுக்குக் காது சிவந்துவிட்டது.

டீமேக்கர் அன்று மாலை வீரய்யாவை ஸ்டோருக்கு வரச்சொன்னார். பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

“துரையோடை கதைச்சனான். கம்பிக்கு ஓராள் வைக்கலாமெண்டார். குடிசையிலை இருக்கலாம். ஆனா, தெரியாத சாமானுக்கு நான் ஆள் வைக்கமாட்டன். இதை வாசிச்சுச் சொல்லு. முள் இப்பிடி நிண்டால் தண்ணி எவ்வளவு?”

வீரய்யா பலகையைப் பார்த்தான். தோரணம் இன்னும் கம்பியைப் பிடித்திருந்ததால் ஹாஷிம் குண்டைக் கையால் மேலே தூக்கிப் பிடித்திருந்தார்; முள் மேலே நின்றது. “நெறைய இருக்குங்க.”

“பிழை. முள் அங்கை நிண்டால் தண்ணி ஒட்ட அடியிலை.”

“முள்ளு மேலதானே நிக்குது?”

ஹாஷிம் மறு கையை அவன் தோளில் போட்டார். “அண்ணே, கெணத்துல தண்ணி அள்ளியிருக்கீங்களா? வாளி கீழ போனா இந்தப் பக்கத்துக் கயிறு எங்க போகும்?”

“மேல போகும்.”

“அவ்வளவுதான். மேல மெதவ எறங்கினா இங்க குண்டு ஏறும். அதான் நெறவக் கீழ எழுதியீக்கிறேன், கொறச்சல மேல எழுதியீக்கிறேன்.”

வீரய்யா பலகையை மேலும் கீழுமாகப் பார்த்தான். மெல்ல விளங்கியது. “நிறைவக் கொண்டுபோயிக் கீழ வச்சிருக்கீங்களே நானா, இது நல்லா இருக்கா? பாக்குறவன் என்ன நெனப்பான்?”

“பாக்குறவன் நீங்கதான். நீங்க என்ன நெனச்சாலும் சரி.”

பௌர்ணமியன்று காமனை எரித்தார்கள். மறுநாள் பிற்பகல் இராமையா தோரணத்தின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசி முடிச்சு விடுபட்டதும் கம்பி விர்ரென்று மலையேறியது. மேலே தொட்டிக்குள் உருண்டை தொப்பென்று விழுந்த சத்தம் பொட்டல் வரைக்கும் கேட்டது. “காமன் போயிட்டான், பந்து குளிக்கப் போயிருச்சு” என்றான் சின்னமுத்து. கீழே ஸ்டோரில் முள் ஒரே தாவாகத் தாவியதாம். டீமேக்கர் குடையைக் கீழே போட்டுவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

வீரய்யா அந்தக் கம்பியோடு அதற்குப் பிறகு பல வருசம் நடந்தான். காலையில் வெயில் ஏறுவதற்குள் தொட்டியிலிருந்து ஸ்டோருக்கு, பிறகு ஸ்டோரிலிருந்து தொட்டிக்கு. கையில் எண்ணெய்ச் சிரட்டை, இடுப்பில் கவ்வாத்துக் கத்தி. மாசி பிறந்தால் பொட்டலில் தோரணத்துக்கென்று கம்பிக்கு எட்டாத தூரத்தில் மூங்கில் நட்டுக்கொடுப்பது அவன் வேலை. இராமையாவுக்கு மூங்கில் தேடுகிற அலைச்சல் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தேயிலைக்கு விலை விழுந்து, இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் போக லயத்தில் பல காம்பராக்கள் வெறிச்சோடின. அப்போதும் கம்பிக்கு ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. டீமேக்கர் ஐயா மாறிப்போய் வேறொருவர் வந்தார். அவர் பலகையைப் பார்த்து முதல் நாள் தலைகீழாக வாசித்தபோது வீரய்யாவுக்கு உண்டான சந்தோசம் கொஞ்சமில்லை.

கம்பியின் மேல் அவனுக்கு வந்த பாசம் அளவுமீறியது. யாராவது துணி காயப்போட்டுவிட்டால் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவான். பிள்ளைகள் கல் விட்டால் துரத்துவான். ஒரு நாள் காலையில், வாசலில் கறிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். முதல் கம்பத்துக்கும் இரண்டாம் கம்பத்துக்கும் நடுவில் கம்பி மேல் ஒரு குருவி உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. வீரய்யா குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“இந்தாங்க, அந்தக் குருவி என்ன பாவம் செஞ்சுச்சு, தந்திக் கம்பியில நாள் பூரா உக்காந்துதானே இருக்கு, குருவி உக்காந்தா தந்தி போகாமலா இருக்கு, நீங்கதானே வாத்தியாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க!”

ஒரே மூச்சில், நடுவில் எங்கேயும் நிற்காமல் சொல்லி முடித்தாள். வீரய்யா கல்லைக் கீழே போட்டான்.